ஸ்டோர் அக்காவின் பென்சில் புள்ளிகள்

வெள்ளையனின் வலது கை ஸ்டோர் அக்காவால்தான் போனது என்று எங்கள் ஆலையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே எதிர்ப்புற டீக்கடையில் வைத்து இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். "கம்ப்யூட்டர்ல பொய்யா ஏத்திக்கினே இருந்திச்சி அந்தம்மா, மலைக்காரன் ஒருத்தன் கை போயிடுச்சி" என்று ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். நானும் பலமுறை பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறேன். ஒருமுறைகூட வாயைத் திறந்ததில்லை. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு எழுதுவதெல்லாம் வெறும் புகழ்ச்சியாகப் போய்விடும்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய முதலாளி "ஸ்டோரம்மா" என்பார். மற்றவர்களுக்கெல்லாம் ஸ்டோர் அக்கா. திட்டும்போது மட்டும் வேறு பெயர்கள் இருந்தன, அவற்றில் சிலவற்றை வைத்தவன் நான்.

சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகும் வழியில் உள்பக்கமாக இருக்கிறது எங்கள் ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஸ்டார்ச் மாவு எடுப்பது தொழில். கிழங்கு பாதி சுற்றுவட்டாரத்திலிருந்து வரும், மீதி கல்வராயன் மலையிலிருந்து லாரியில் இறங்கும். நான் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் அக்காவிடம் ஓடுவேன்.

ஏன் அக்காவிடம் ஓட வேண்டும் என்றால், எங்கள் மெஷின்களில் பாதி, அவற்றைச் செய்த கம்பெனியே மூடிப்போன மெஷின்கள். பெரிய முதலாளி இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கிப் போட்டவை. அவற்றுக்கு உதிரிபாகம் சேலத்தில் கிடைக்காது, கோயம்புத்தூரில் கிடைக்காது. குஜராத்துக்கு போன் போட்டால் "அந்த மாடலா? அதெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்று சிரிப்பார்கள். ஆக, அக்காவின் ராக்கில் இருப்பதுதான் உலகத்தில் மிச்சம் இருப்பது.

பாய்லருக்குப் பின்னால் நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதுதான் ஸ்டோர். வெயில் காலத்தில் உள்ளே போனால் வடை மாதிரி பொரிந்துவிடலாம். அந்தச் சூட்டிலும் அக்கா முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு ராக்குக்கு ராக் நடந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை. அட்டையில் அவரே வைத்த பெயர். கேட்லாக் நம்பர் எழுத மாட்டார். "மூணாம் பாஸ்கெட், கீழ் பேரிங், லாரிக்காரன் இடிச்சது" என்று எழுதியிருக்கும். கம்பெனி கொடுத்த நம்பர் எவனுக்கு ஞாபகம் இருக்கும், லாரிக்காரன் இடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் என்பது அவர் கட்சி.

அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், எந்தச் சாமானையும் செத்துப்போனது என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆடிட் வந்த ஒருவர் பேச்சுவாக்கில், "இதெல்லாம் டெட் ஸ்டாக்தானேம்மா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி வந்து நின்றார். "மிஷினு அங்க உயிரோட ஓடிக்கினு கீது. அதோட பார்ட்டு இங்க எப்டிங்க சாவும்?" என்றார். ஆடிட்டர் பேனாவை மூடிவிட்டு மோர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டோருக்குப் போனால் எதுவும் வாங்க முடியாது. அன்றைக்கு அக்கா ராக்கில் கிடக்கும் ஸ்பேர் மோட்டார்களின் சுழல்தண்டை ஒவ்வொன்றாகக் கையால் அரைச் சுற்று சுற்றி வைப்பார். ஒரே நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் எடை ஒரு பக்கமே அழுத்தி பேரிங்கில் பள்ளம் விழுந்துவிடும். சுற்றி முடித்த பிறகு கிரீஸ் துணியால் எல்லாவற்றையும் துடைப்பார். ஃபிட்டர்கள், "அக்கா புள்ளைங்களுக்கு எண்ணெய் தேச்சி ஊத்துது, அப்பறம் வாங்கடா" என்று கிண்டலடித்துக்கொண்டு திரும்புவார்கள். பல வருடமாக ராக்கிலேயே கிடந்த மோட்டாரைத் தூக்கிப் பொருத்திய அன்றே அது புதுசு மாதிரி ஓடியதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

அதற்காக அக்கா சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பம்ப்புக்கு பேரிங் கேட்டுப் போனேன். பழசைக் கையில் வாங்கி, காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சீசன் தாங்கும், கொண்டும்போயி போடு" என்று திருப்பிக் கொடுத்தார். நான் கத்தினேன். அவர் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பன்னிரண்டே நாளில் பம்ப் இறுகி நின்றது, மோட்டாரும் புகைந்தது. மறுநாள் போய் நின்றபோது பேரிங்கை எடுத்துக் கொடுத்தார். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை வரவில்லை. "எண்ணெய் நீ ஒழுங்கா வுட்டிருக்க மாட்ட" என்றார். கஞ்சப் பேய் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய மகள் சொன்னாள். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல்கட்டு அலமாரியில் எரிந்துபோன மிக்ஸி மூன்று வரிசையாக இருந்தது. "எங்கம்மா எதையும் தூக்கிப் போடாதுண்ணா. போன வருசத்துக்கு முன்ன வருசம் வெடிக்காத பட்டாசுகூட மேல கீது" என்றாள் பெண். "நமுத்துப்போனா இன்னா, காய வெச்சா வெடிக்கும்" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய முதலாளிக்கு அக்காவின் அருமை தெரியும். ஆத்தூர் பக்கம் ஒரு ஆலை மூடி உடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அவர் மெஷினைப் பார்ப்பார். அக்கா நேராக அந்த ஆலையின் ஸ்டோருக்குப் போய் அடித்தட்டில் மண்டியிட்டுத் தேடுவார். அப்படி ஒருமுறை கிடைத்ததுதான் பாஸ்கெட்டுக்கான பிரேக் பட்டை. கிரீஸ் தாளில் சுற்றிய மூன்று செட். முதலாளி காரில் திரும்பிவிட, அக்கா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

பாஸ்கெட் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். துணி துவைக்கும் மெஷினில் ஈரத்தைச் சுற்றிப் பிழியும் தொட்டி இருக்கிறதே, அதையே ஆள் நெஞ்சு உயரத்துக்குச் செய்தால் பாஸ்கெட். மாவுப்பாலை ஊற்றிச் சுற்றினால் தண்ணீர் வெளியே போய், மாவு சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டி தன் வேகத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பிரேக்கை இழுத்தால் நிற்கும். நின்ற பிறகு ஆள் உள்ளே குனிந்து கரண்டியால் மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்களிடம் மூன்று பாஸ்கெட். நடுவில் இருந்ததில் காலை ஷிஃப்ட் ஆள் வெள்ளையன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார்.

பெரிய முதலாளி முட்டி வலி வந்து வீட்டோடு ஆனார், அவர் மகன் சின்னவர் வந்தார். சின்னவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். வந்த முதல் மாதமே ஸ்டோருக்கு கம்ப்யூட்டர் போட்டார். மூன்று வருடமாக வெளியே போகாத சாமான் எல்லாம் திரையில் சிவப்பாகத் தெரியும். சிவப்பானதெல்லாம் உளுந்தூர்பேட்டை பழைய இரும்புக்காரருக்கு. அக்காவின் ஸ்டோரில் முக்கால்வாசி சிவப்பு.

முதல் லாரி வந்த அன்று அக்கா கதவருகே நின்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். "இது கெடாத சாமானுங்க. கெடலன்னுதான் வெளிய போவல. கெட்டா இதான் வோணும்." சின்னவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "சிஸ்டம்ல அப்படி ஒரு கட்டம் இல்லைங்களே" என்றார். லாரி போய்விட்டது.

அதில் போன ஒரு கப்ளிங், கிழங்கு அரைக்கும் மெஷினை மோட்டாரோடு இணைப்பது. அடுத்த கார்த்திகையில் மெஷினில் இருந்த கப்ளிங் உடைந்தது. உளுந்தூர்பேட்டைக்கு ஓடினோம். உருக்கப் போய்விட்டது என்றார்கள். வேறொன்று லேத்தில் கடைந்து வர பதினோரு நாள். உச்ச சீசனில் பதினோரு நாள். மலையிலிருந்து இறங்கிய கிழங்கு லாரிகள் சாலையில் வரிசையாக நின்று, கிழங்கு நீலம் பாய்ந்து நாறியது. கச்சிராயபாளையத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் அழுகிய கிழங்கை அள்ளி ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். அக்கா ஸ்டோர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது சின்னவர் புரிந்துகொள்வார் என்று நாங்கள் நினைத்தோம். "சிஸ்டத்துல நீங்க சரியா விவரம் ஏத்தல, அதான் பிரச்சினை" என்றார் அவர். அடுத்த பட்டியலை அச்செடுக்கச் சொன்னார். அதில் பிரேக் பட்டை மூன்று செட்டும் இருந்தது.

இனி வருவது என் கைங்கரியம். அக்கா அந்தப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஏங்கா, கம்ப்யூட்டருக்குக் கண்ணா கீது? வருசம் ஒரு தடவ ஸ்லிப் போட்டு வெளிய குடுத்ததா ஏத்து. மாசக் கடைசில எண்ணும்போது ஒண்ணு கூடுதலா கெடச்சிதுன்னு திரும்ப உள்ள ஏத்து. சாமானு ராக்குலயே இருக்கும், சிவப்பு போயிடும்" என்றேன். சொல்லிவிட்டு நானே என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

அக்கா என்னை முறைத்தார். "பொய் எழுதச் சொல்றியா?" அத்தனை வருடத்தில் ஒரு அட்டையில்கூட அவர் இல்லாததை எழுதியதில்லை. நட்டு ஒன்று குறைந்தாலும் மூன்று நாள் தூங்காமல் தேடுகிறவர். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு கட்டு ஸ்லிப்போடு வந்தார். நாற்பது, ஐம்பது இருக்கும். "வாங்கினவர் கையெழுத்து உன்னுது வோணும் தம்பி" என்றார். நான் போனில் பேசிக்கொண்டே அத்தனையிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை.

அக்கா அதிலும் தன் குணத்தை விடவில்லை. தன் கையால் எழுதிய அட்டையில், பொய்யாக வெளியே போன ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பென்சில் புள்ளி வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "புள்ளி வெச்சது எதுவும் வெளிய போவல. மிஷின்ல பழசுதான் கீது. மறந்துடாத. எதையாவது மாத்துற நாளு வந்தா கம்ப்யூட்டரப் பாக்காத, என் அட்டையப் பாரு." நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது வெளியே எங்கேயோ போக வேண்டியிருந்தது.

அந்த சீசனிலேயே சின்னவர் மெயின்டனன்ஸையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். அதுவரை எந்த மெஷினில் எதை எப்போது மாற்றினேன் என்று ஒரு நோட்டில் நானே எழுதி வைப்பேன். இனி அது வேண்டாம், ஸ்டோரிலிருந்து போனதை வைத்து சிஸ்டமே பட்டியல் போடும் என்றார். எனக்குச் சந்தோஷம்தான். நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அச்செடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு பெரிய இன்ஜினியர் மாதிரி நடந்தேன். மாசி மாதத் தாளில் மூன்று பாஸ்கெட்டுக்கும் நேராக, பிரேக் பட்டை தை மாதம் மாற்றப்பட்டது என்று இருந்தது. நான் மாற்றவில்லை. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு டிக் அடித்தேன். அக்காவின் அட்டையைப் போய்ப் பார்க்க இருபது அடி நடந்திருந்தால் போதும்.

விபத்து நடந்தபோது காலை பத்து மணி இருக்கும். வெள்ளையன் மோட்டாரை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டுக் காத்திருந்தார். தேய்ந்த பட்டை பாதிதான் பிடித்திருக்கிறது. தொட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் ஒரே வெள்ளை மாவு. வெள்ளைக்குள் வெள்ளை மெதுவாகச் சுற்றினால் நிற்கிற மாதிரிதான் தெரியும். அவர் கரண்டியை உள்ளே விட்டார். கரண்டி மாட்டிக்கொண்டு கையை இழுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குள் மாவு வெள்ளையாக இல்லை. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வண்டி போன பிறகு ஸ்டோருக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா ராக்குக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எந்த மெஷின் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையில் பிரேக் பட்டை, கிரீஸ் தாளோடு. அதை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். சாமான் இருந்தது, புதுசாக இருந்தது, எண்ணெய் தேய்த்துத் துடைத்துத் தயாராக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை மெஷினுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் அறையில் விசாரணை. சின்னவர், முட்டி வலியோடு வந்து உட்கார்ந்த பெரிய முதலாளி, வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி. என்னை முதலில் கேட்டார்கள். "பிரேக் ஏன் மாத்தல?"

"மாத்தினதா சிஸ்டம்ல இருந்துச்சு சார்" என்றேன். அது உண்மைதான். உண்மையை எவ்வளவு சௌகரியமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். "ஆமாங்க. வெளிய போவாதத போனதா நான்தான் ஏத்தினேன்" என்றார்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் சின்னவர்.

"எவரும் சொல்லலிங்க. என் புத்திதான்."

அதிகாரி ஸ்லிப்பை எடுத்துக் காட்டினார். "இதுல வாங்கினவர் கையெழுத்து சூப்பர்வைசரோடது."

"அம்பது ஸ்லிப்ப ஒண்ணா நீட்டி அவசரப்படுத்தினேங்க. அந்தப் புள்ள படிக்கல. படிக்க நான் வுடல." அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. அட்டையில் வைத்த புள்ளிகளைப் பற்றியும், அதை என்னிடம் காட்டியதைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வெள்ளையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். போலீஸ் வரைக்கும் போகாமல் பெரிய முதலாளி பார்த்துக்கொண்டார். கணக்கு ஒப்படைக்கக் கொடுத்த மூன்று நாளில், மற்ற இரண்டு பாஸ்கெட்டுக்கும் பிரேக் பட்டை மாற்றும்வரை என் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு ஆணியாக இழுத்துப் பார்த்தார். வேலை முடிந்ததும் நான், "எதுக்குக்கா என்ன காப்பாத்தின?" என்று கேட்டுவிட்டேன். உடன்பிறந்தவன் மாதிரி நினைத்தேன் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"உன்ன எவன் காப்பாத்தினான்?" என்றார். "நீயும் போயிட்டா இந்தப் பழைய மிஷினுக்கு யாரு கீறா? தெரிஞ்ச ஆளு வெளிய கெடைக்க மாட்டான். அதான் வெச்சேன்."

சேலத்துக்கு ஒருமுறை அக்கா போனதாகவும், வெள்ளையனின் சம்சாரம் அவரை வார்டுக்குள் விடவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அடுத்த வருடம் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் பதவி கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடம் சின்னவர் பாஸ்கெட் மூன்றையும் பிடுங்கிவிட்டு, தானாகவே மாவைத் தள்ளும் புது மெஷின் வாங்கினார். ஸ்டோரில் மிச்சமிருந்தது அத்தனையும் ஒரே நாளில் லாரி ஏறியது. மெஷினே போன பிறகு சாமானுக்கு வாதாட யாருக்கும் வாய் இருக்காது. நான்தான் நின்று ஏற்றிவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்துப் போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மத்தியானம். வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஒளிந்துகொள்ளத்தான் முதலில் நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"எங்கக்கா மலையில இருந்து?" என்றேன்.

"வெள்ளையன் வூட்டுக்குப் போயிட்டு வரேன். அஞ்சு வருசமா தைரியம் வரல. இன்னிக்குத்தான் போனேன்."

"இன்னா சொன்னாரு?"

"உள்ள கூப்புட்டு உக்கார வெச்சான். அவன் பொண்டாட்டி தண்ணி குடுத்தா. எல்லாம் என்னாலதான் வெள்ளையா, பொய் எழுதினது நான்தான்னு அழுதேன்." அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். "அப்பால, 'நீ எழுதினது எனக்கு எப்டி தெரியும்க்கா, நான் முன்ன நாளே சார்கிட்ட சொன்னேனே'ங்கறான். பிரேக்கு நிக்க மாட்டங்குதுன்னு உன்கிட்ட சொன்னானாமே. நெசமா தம்பி?"

பக்கத்தில் சேலம் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேய்ந்த பேரிங்கைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார்.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

"செரி" என்றார். சின்னசேலம் பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்காமல் ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. விபத்துக்கு முந்தின நாள், ஷிஃப்ட் முடிகிற நேரம். வெள்ளையன் தலையிலிருந்து மாவுத் துண்டை அவிழ்த்துக்கொண்டே என் வழியில் வந்து நின்றார். "சார், நடு பாஸ்கெட்டு பிரேக்கு சரியா புடிக்கல. நின்னாப்புல தெரியுது, நிக்கறதில்ல. பயமா கீது சார்" என்றார். அவர் என்னோடு அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. நான் கையிலிருந்த தாளில் அந்த வரியைத் தேடி எடுத்து, விரலை வைத்துக் காட்டினேன். "போன மாசம்தான்யா மாத்தியிருக்கு, பாரு" என்றேன். வெள்ளையனுக்குப் படிக்கத் தெரியாது. தாளைப் பார்த்துவிட்டு, "செரிங்க சார்" என்று போய்விட்டார்.